பின்தங்கி விழும் அடி

2025ஆம் ஆண்டு நான் நேசிக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல், ஜாஸ் இசையிலிருந்து நான்கு பேரைக் கொண்டுபோய்விட்டது. பெப்ரவரி 24இல் ரொபர்ட்டா ஃபிளாக். மார்ச் 1இல், கச்சேரி முடிந்து திரும்பும் வழியில், வீதி விபத்தில் அஞ்சி ஸ்டோன். மார்ச் 4இல் ரோய் அயர்ஸ். ஒக்டோபர் 14இல், 51 வயதில், புற்றுநோயால் பாடகர் டி'ஏஞ்சலோ. ஸ்டோனுக்கும் டி'ஏஞ்சலோவுக்கும் ஒரு மகன் உண்டு. எட்டு மாதம் முடிவதற்குள் அந்த இளைஞர் தாயையும் தந்தையையும் இழந்துவிட்டார்.

டி'ஏஞ்சலோ இறந்த செய்தியைத் தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன். பஸ்ஸில் ஏதோ சினிமாப் பாட்டு உரக்க ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னால் அவருக்கு யார் என்றே தெரியாது. துக்கம் விசாரிக்க ஒருவரும் வராத சாவு அது. மலையகத்தில் இந்த இசையைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவரையொருவர் அறியாமல், ஆளுக்கொரு மலையில் இருந்து கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், இன்னும் கேட்டிராதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பழைய சோல் இசையோடு ஹிப் ஹொப் தாளம் கலந்த நியோ சோல், மென்மையாக வாசிக்கப்படும் ஸ்மூத் ஜாஸ் என்று அழைக்கப்படும் இரண்டு வகையிலும் அண்மைக் காலத்தில் வந்த அல்பங்களைப் பற்றிப் பேச வேண்டும். அவற்றைக் கேட்கக் கேட்க நம் தேயிலைத் தோட்டங்களைக் குறித்து எனக்குள் வளர்ந்துவரும் ஓர் ஆசையையும் சொல்ல வேண்டும்.

ஸ்மூத் ஜாஸ் நம் மலைக்குச் சுற்றுலா ஹோட்டல் வழியாகத்தான் ஏறி வந்தது. நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டு மண்டபத்தில் நான் வேலை செய்த காலத்தில், காலை உணவிலிருந்து இரவு கடைசி மேசையைத் துடைக்கும் வரை சாக்சபோன் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஏப்ரல் சீசன் கூட்டத்திலும் அதுதான், மழைக்காலத்தில் ஆளே இல்லாத மண்டபத்திலும் அதுதான். விருந்தினர் எவரும் அதை நின்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்டவர்கள் நாங்கள். தட்டெடுக்கும் பையன்கள், சமையலறைக் கதவருகே நிற்பவர்கள், தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். எந்த இடத்தில் ஊதுகிறவர் மூச்செடுக்கிறார், எந்த இடத்தில் பாஸ் கிட்டார் ஒரு படி இறங்குகிறது என்பது எங்களுக்கு மனப்பாடம். அந்தக் கட்டடத்தில் அந்த இசையை எங்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது.

சாக்சபோன் தமிழ்க் காதுக்குப் புதிதும் அல்ல. கத்ரி கோபால்நாத் கமகங்களுக்கு ஏற்றபடி அந்த வாத்தியத்தின் அமைப்பையே மாற்றிக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்தார். 1994இல் 'டூயட்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் அவர் வாசித்த பிறகு, சாக்சபோன் நம் கோயில் திருவிழா ஒலிபெருக்கி வரை வந்துவிட்டது. அமெரிக்காவில் சாக்சபோன் கலைஞர் கென்னி ஜி 1992இல் வெளியிட்ட 'பிரெத்லெஸ்' அந்நாட்டில் மட்டும் 1 கோடியே 20 இலட்சம் பிரதிகளைத் தாண்டியது. 1997இல் ஒரே சுரத்தை 45 நிமிடம் 47 விநாடி விடாமல் ஊதி அவர் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயால் ஊதும் வித்தை அது. நாதஸ்வரக் குழுவில் ஒத்து ஊதியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததும் அதே வித்தைதான். அவர்களை எந்தப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை.

கென்னி ஜியோடு நின்றுவிட்டால் இந்த வகையின் ஆழம் தெரியாது. குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் 'வைன்லைட்' (1980) அல்பத்தை ஒருமுறை காதில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள். பில் விதர்ஸ் பாடிய புகழ்பெற்ற 'ஜஸ்ட் த டூ ஒஃப் அஸ்' பாட்டு அதில்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்வது பாட்டில்லாத பகுதிகளை. சாக்சபோன் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும்; அந்த இடைவெளியில் பாஸ் கிட்டார் மீதியைச் சொல்லும். சபையறிந்து பேசுகிறவரின் நிதானம் அது. ஜோர்ஜ் பென்சனின் 'பிரீசின்' (1976) இன்னொன்று. பொப் ஜேம்ஸின் 'ஒன்' (1974) மற்றொன்று.

இந்த இசையை வளர்த்ததும் முடக்கியதும் வானொலிதான். 1987 பெப்ரவரி 14இல் லொஸ் ஏஞ்சல்ஸில் 'த வேவ்' நிலையம் தொடங்கியது. அதைப் பார்த்து அமெரிக்க நகரங்கள் எங்கும் அதேபோன்ற நிலையங்கள் முளைத்தன. அலுவலகத்தில் வேலையைக் கெடுக்காமல் ஓட வேண்டும் என்பதே அவற்றின் அளவுகோல். அதனால் கூரான சுரங்களும் நீண்ட தனி ஆவர்த்தனங்களும் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டன. பிறகு கேட்போர் எண்ணிக்கையை அளக்கும் முறை மாறியது, விளம்பரம் குறைந்தது. 2008இல் நியூயோர்க் நிலையமும் 2009இல் சிக்காகோ நிலையமும் இந்த இசையைக் கைவிட்டன. காதில் விழ வேண்டும், ஆனால் கவனத்தில் விழக் கூடாது என்ற கட்டளைக்குக் கட்டுப்பட்ட எந்தக் கலையும் இப்படித்தான் மெலிந்துபோகும். நல்ல வாசிப்பாளர்கள் அந்தக் கட்டளைக்குள் சிக்கிக்கொண்டார்கள் என்பதே என் வருத்தம்.

அதற்குள் அந்த இசையின் உயிர் வேறு வாசல் வழியாக வெளியேறிவிட்டது. பொப் ஜேம்ஸின் 'ஒன்' அல்பத்தின் கடைசிப் பகுதியான 'நோட்டிலஸ்' ஹிப் ஹொப் தயாரிப்பாளர்களின் கையில் சிக்கியது. அதன் சில விநாடிகளை வெட்டியெடுத்து எத்தனையோ பாட்டுகளுக்கு அடித்தளம் போட்டார்கள். ரோய் அயர்ஸின் 1976ஆம் ஆண்டுப் பாட்டு 'எவ்ரிபடி லவ்ஸ் த சன்ஷைன்' பெற்ற மறுபிறவிகளுக்குக் கணக்கில்லை. அந்த ஹிப் ஹொப்பைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் 1990களில் மறுபடியும் வாத்தியங்களைக் கையில் எடுத்தார்கள். 1993இல் மிஷெல் என்டெகியோசெல்லோ 'பிளான்டேஷன் லல்லபைஸ்' என்ற அல்பத்தோடு வந்தார். 1995இல் டி'ஏஞ்சலோவின் 'பிரவுன் ஷுகர்', 1997இல் எரிக்கா பாடூவின் 'பாடூயிசம்', 1998இல் லோரின் ஹில்லின் ஒரே ஸ்டுடியோ அல்பம், 2000இல் ஜில் ஸ்கொட். நியோ சோல் என்று சந்தை இவற்றுக்கு ஒரு பெயர் வைத்தது. அந்தப் பெயரைப் பாடகர்களில் பலர் விரும்பவில்லை.

ஒரே ஒரு பாட்டைப் பின்தொடர்ந்தால் இந்த வம்சாவளி முழுவதும் கிடைக்கும். 'ஃபீல் லைக் மேக்கின் லவ்' 1974இல் ரொபர்ட்டா ஃபிளாக் பாடி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு பொப் ஜேம்ஸ் அதை 'ஒன்' அல்பத்தில் வாசித்தார். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த 'வூடூ' அல்பத்தில் டி'ஏஞ்சலோ அதைத் திரும்பப் பாடினார். மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் மெட்டு ஒன்றுதான். மாறிக்கொண்டே வருவது அடி. மூன்றாவதில் ட்ரம்ஸ் வர வேண்டிய நேரத்துக்கு ஒரு நூலளவு பிந்தி வருகிறது. அந்த நூலளவுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

தாளம் அமைக்கும் இயந்திரங்களில், கையால் தட்டிய ஒவ்வோர் அடியையும் சரியான கட்டத்துக்குள் இழுத்து நிறுத்தும் வசதி உண்டு. டெட்ரோயிட் நகரத்து ஹிப் ஹொப் தயாரிப்பாளர் ஜே டில்லா அந்த வசதியைத் தன் காதுக்குக் கீழ்ப்படிய வைத்தார். சில அடிகளை முந்த விட்டார், சிலவற்றைப் பிந்த விட்டார். ஒரே பாட்டுக்குள் இரண்டு மூன்று நேரங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஓடின. 2006 பெப்ரவரி 7இல், தன் 32ஆவது பிறந்தநாளில், 'டோனட்ஸ்' அல்பம் வெளிவந்து மூன்றாம் நாள் அவர் இறந்தார். அவருடைய எம்.பி.சி. 3000 தாள இயந்திரம் இன்று வாஷிங்டனில், ஆபிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இயந்திரத்தில் அவர் செய்ததை மனிதக் கைகளால் செய்ய முயன்றதுதான் 'வூடூ'. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கட்டிய எலக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில், குவெஸ்ட்லவ் ட்ரம்ஸிலும் வேல்ஸ் நாட்டுப் பினோ பல்லடினோ பாஸ் கிட்டாரிலும் ரோய் ஹார்குரோவ் டிரம்பெட்டிலும் இருந்தார்கள். நேராக வாசித்துப் பெயரெடுத்த குவெஸ்ட்லவ்விடம் அந்த நேரான அடியைக் குலைக்கும்படி டி'ஏஞ்சலோ கேட்டார். பழகிய கையைப் பழகாத இடத்தில் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்று வாத்தியம் தொட்டவர்களுக்குத் தெரியும்.

என் பெரியப்பாவுக்கும் தெரியும். அவர் தப்பு என்ற தோல் வாத்தியம் அடிப்பவர். மாசி மாதம் காமன் கூத்து, ஆண்டுத் திருவிழா, சாவு என்று தோட்டத்தில் எதற்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருடைய தகப்பன் காலத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஆள் எழுப்பவும் தப்புதான். தப்பைத் தீயில் காய்ச்சிக்கொண்டே, தோலில் விரலைத் தட்டித் தட்டி, சத்தம் ஏறிவிட்டதா என்று அவர் பார்க்கும் விதம் ஒரு தனிக் கலை. ஒரு நாள் அவருக்கு 'வூடூ'விலிருந்து மிக மெதுவான 'ஒன் மோ ஜின்' பாட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார். அடிப்பவன் சோம்பேறி இல்லை, ஆடுகிறவன் காலுக்காகக் காத்திருக்கிறான் என்றார். கால் தரையைத் தொட்ட பிறகு அடி விழ வேண்டும். முந்திக்கொண்டால் ஆட்டக்காரனை விரட்டுவதாகிவிடும் என்று விளக்கினார். அப்புறம், இதில் ஆடுகிறவன் யார் என்று கேட்டார். அந்தப் பாடகரின் குரல்தான் பெரியப்பா என்றேன். தலையசைத்தார். 'வூடூ'வைப் பற்றி நான் எவ்வளவோ படித்திருக்கிறேன். அவர் சொன்னது அளவுக்குத் துல்லியமாக எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த அளவுகோலோடுதான் இப்போது வரும் அல்பங்களைக் கேட்கிறேன்: அடி காத்திருக்கிறதா? யாருக்காகக் காத்திருக்கிறது?

லண்டன் பாடகி கிளியோ சோல் 2023 செப்டெம்பரில் இரண்டு வார இடைவெளியில் 'ஹெவன்', 'கோல்ட்' என்று இரண்டு அல்பங்களை வெளியிட்டார். தயாரிப்பு இன்ஃப்லோ. இவர்கள் சேர்ந்து இயங்கும் சோல்ட் குழு 2022 நவம்பரில் ஒரே நாளில் ஐந்து அல்பங்களை வெளியிட்டது. விளம்பரமும் பேட்டியும் இல்லாமல் இயங்குகிறவர்கள். 'கோல்ட்' நல்ல அல்பம்தான். என்றாலும் 2021இல் வந்த 'மதர்' அதைவிடப் பெரியது என்பது என் தீர்ப்பு. கிளியோ சோல் தாயான பிறகு செய்த அல்பம் அது. பிள்ளையைக் கொஞ்சும் பாட்டுகளுக்கு நடுவே தன் தாயைப் பற்றிய ஒரு பாட்டு வருகிறது. கோபமும் மன்னிப்பும் ஒரே மூச்சில் வெளிவருகிற பாட்டு. பியானோவும் மெல்லிய ட்ரம்ஸும் அவர் சொல்லி முடிக்கும் வரை ஓரமாகக் காத்திருக்கின்றன. கைக்குழந்தையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலையேறிக் கொழுந்து பறித்த அம்மாக்களின் பிள்ளைகள் நாங்கள். எங்களிடமும் இப்படியொரு கேள்வி அம்மாவிடம் கேட்கப்படாமல் இருக்கிறது, அவர்களிடமும் ஒரு பதில் சொல்லப்படாமல் இருக்கிறது. அந்த அல்பத்தை நான் அம்மா வீட்டில் இருக்கும்போது ஒலிபெருக்கியில் போடுவதில்லை.

ஒலிவியா டீனின் 'த ஆர்ட் ஒஃப் லவ்விங்' (2025 செப்டெம்பர்) இப்போது உலகமெங்கும் ஓடுகிறது. குரலில் கள்ளமில்லை, பாட்டுகள் சுத்தமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. நான் தேடும் காத்திருப்பு மட்டும் அதில் குறைவு. லியோன் தோமஸின் 'மட்' (2024) அந்தக் குறையைத் தீர்க்கிறது. கிட்டாரும் ட்ரம்ஸும் ஒரே அறையில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வாசிப்பது கேட்கிறது. ஸ்மூத் ஜாஸ் பக்கம் போனி ஜேம்ஸின் 'ஸ்லோ பேர்ன்' (2024) வந்தது. வாசிப்பில் தேர்ச்சி உண்டு, ஆனால் பழைய வானொலிக் கட்டளைக்கு இன்னும் கட்டுப்பட்டே நடக்கிறது. பொப் ஜேம்ஸ் 83 வயதில் 'ஜாஸ் ஹான்ட்ஸ்' (2023) வெளியிட்டார். அந்த வயதில் அந்த விரல்களில் இருக்கும் குறும்புக்காகவே கேட்கலாம்.

மிஷெல் என்டெகியோசெல்லோவை விட்டுவிட்டுப் போக முடியாது. எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வினின் நூறாவது பிறந்தநாளான 2024 ஓகஸ்ட் 2இல் அவர் வெளியிட்ட 'நோ மோர் வோட்டர்', பாட்டும் பேச்சும் வேண்டுதலும் கலந்த நீண்ட அல்பம். முந்தைய ஆண்டு வந்த 'த ஒம்னிகோர்ட் ரியல் புக்' போலவே இதுவும் மாற்று ஜாஸ் பிரிவில் கிராமி பெற்றது. முதல் அல்பத்தின் பெயரிலேயே தோட்டத்தையும் தாலாட்டையும் வைத்தவர் அவர். பருத்தித் தோட்டங்களில் அடிமைப்பட்டவர்களின் பாட்டிலிருந்து தேவாலயப் பாட்டும் புளூஸும், அவற்றிலிருந்து ஜாஸும் சோலும் வந்த வரலாற்றை நாம் வெறும் தகவலாகப் படித்துவிட்டுப் போக முடியாது. அடிமை முறை வேறு, கங்காணி முறை வேறு. இரண்டையும் ஒன்றென்று சொல்வது அவர்கள் பட்டதற்கு நியாயம் செய்யாது. ஆனால் தோட்டத்தில் பிறந்த பாட்டு என்ற உறவு நமக்கு உண்டு. காடு வெட்டிய மலையில் அண்ணனை இழந்ததைப் பாடியவர்கள் நம் மூதாதையர். 1930களில் கோ. நடேசய்யரின் கூட்டங்களில் மீனாட்சியம்மாள் தொழிலாளரின் துயரத்தைப் பாட்டாகப் பாடிய பிறகுதான் பேச்சுத் தொடங்கும். சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சேகரித்த பாட்டுகள் இன்று புத்தகத்தில் இருக்கின்றன. புத்தகத்தை விட்டு அவை இன்னும் இறங்கி வரவில்லை.

தமிழர் குரலில் இந்த இசை சாத்தியமா என்று கேட்பவர்களுக்கு மூன்று பெயர்கள் சொல்கிறேன். சிட் ஸ்ரீராமைச் சினிமாப் பாடகராக எல்லோருக்கும் தெரியும். கலிபோர்னியாவில் வளர்ந்த அவர் 2023இல் வெளியிட்ட 'சித்தார்த்' ஆங்கில அல்பம், கர்நாடகக் கமகமும் ஆர் அன்ட் பி குரலும் ஒரே தொண்டையில் குடியிருக்க முடியும் என்று காட்டுகிறது. இரண்டாவது பிரியா ராகு. யாழ்ப்பாணத்திலிருந்து புலம்பெயர்ந்த பெற்றோருக்கு சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். சிறு வயதில் அப்பாவோடும் அண்ணனோடும் சேர்ந்து தமிழ் நிகழ்ச்சிகளில் சினிமாப் பாட்டுப் பாடியவர். அதே அண்ணன்தான் ஜாஃப்னா கோல்ட் என்ற பெயரில் இவருடைய இசையைத் தயாரிக்கிறார். 2021இல் ஒரு மிக்ஸ்டேப், 2023 ஒக்டோபரில் 'சந்தோஷம்' என்ற முழு அல்பம். குத்துத் தாளமும் சோல் குரலும் ஒன்றுக்கொன்று விருந்தாளியாக நடந்துகொள்ளாமல் ஒரே வீட்டாராக நடந்துகொள்வதுதான் அதில் எனக்குப் பிடித்தது. வேகமான பாட்டுகள் சிலவற்றில் தயாரிப்பு கொஞ்சம் நெரிசலாக இருக்கிறது. மெதுவான பாட்டுகளில் அவர் வானளவு உயருகிறார்.

மூன்றாவது கானவ்யா. நியூயோர்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். இவரை ஸ்மூத் ஜாஸ் என்றோ நியோ சோல் என்றோ எந்தக் கடைக்காரரும் அடுக்கி வைக்க மாட்டார். ஆனால் 2023 டிசெம்பரில் லண்டனில் சோல்ட் குழு தன் முதல் நேரடி நிகழ்ச்சியை நடத்தியபோது மேடையில் பாடியவர்களில் இவரும் ஒருவர். 2024இல் வந்த 'டோட்டர் ஒஃப் எ டெம்பிள்' அலிஸ் கோல்ட்ரேனுக்குச் செலுத்திய காணிக்கை. வருடக்கணக்கில் வேதாந்தமும் பஜனையும் பயின்ற அந்த அமெரிக்க ஹார்ப் கலைஞருக்கு, எஸ்பரான்சா ஸ்போல்டிங், விஜய் ஐயர், ஷபாகா உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் கூடி இசைத்தது. 2025இல் 'நிலம்' வந்தது. பெர்லினின் லைட்டர் நிறுவனம் வெளியிட்டது. முந்தைய அல்பத்தின் கூட்டம் இதில் இல்லை. குரல், சில கம்பி வாத்தியங்கள், நிறைய மௌனம். ஒரு சொல்லைப் பாடிவிட்டு, அது கேட்கிறவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகுதான் அடுத்த சொல்லுக்குப் போகிறார்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலையகத்தில் எங்கும் மண்சரிவு; உயிர்கள் போயின, லயங்கள் போயின, பாதைகள் போயின, ரயில் பாதை பல இடங்களில் அந்தரத்தில் தொங்கியது. எங்கள் உறவினர் சிலர் பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தார்கள். மின்சாரமும் சிக்னலும் இல்லாத அந்த நாட்களில் தொலைபேசியின் பேட்டரி என்பது உறவினரின் குரல். பாட்டுக்கு அதைச் செலவழிக்க மனம் வரவில்லை. கரண்ட் திரும்பி வந்து, எல்லோரும் இருக்கும் இடம் தெரிந்த பிறகு, நான் முதலில் கேட்டது 'நிலம்'. அந்த அல்பத்தைப் பற்றிய என் மதிப்பீட்டை அந்த நாட்களிலிருந்து பிரித்தெடுக்க என்னால் முடியாது, முயலவும் இல்லை.

இனி அந்த ஆசை. டி'ஏஞ்சலோ வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் ஒரு பெந்தகொஸ்தே போதகரின் மகன். தேவாலயத்தில் பியானோ வாசித்துத்தான் அந்தச் செறிவான சுரக்கோவைகளைக் கற்றார். நம் தோட்டங்களைப் பாருங்கள். பெந்தகொஸ்தே சபை இல்லாத டிவிஷன் இன்று குறைவு. தகரக் கூரை போட்ட சின்னச் சபையிலும் ஒரு கீபோர்ட், ஒரு பாஸ் கிட்டார், ஒரு ட்ரம்ஸ் இருக்கும். வாசிப்பவர்கள் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். ஆசிரியர் கிடையாது, ரீலோட் போட்டு யூடியூபில் பார்த்துக் கற்கிறார்கள். ஞாயிறு ஆராதனையில் போதகர் ஜெபிக்கும்போது பின்னணியில் மெல்ல வாசிக்கும் அந்தப் பையன், வார்த்தைக்கு ஏற்றபடி சுரக்கோவையை மாற்றுகிறான், குரல் ஏறும்போது ஏறுகிறான். ரிச்மண்டில் நடந்தது அதுதான். அதே தோட்டத்தில், முந்நூறு அடி தள்ளி, மாரியம்மன் கோயில் வாசலில் என் பெரியப்பா தப்போடு நிற்கிறார். ஆடுகிறவன் காலுக்காகக் காத்திருக்கும் அடி அவர் கையில் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக ஒலித்து நான் இதுவரை கேட்டதில்லை.

ஏன் என்பதும் தெரிந்ததுதான். தப்பு என்றால் சாவு வீட்டு வாத்தியம், இன்ன சாதியின் வாத்தியம் என்று ஒதுக்கிவைக்கும் கேவலம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. அதனால் அடிப்பவர்களின் பிள்ளைகளே குச்சியைத் தொட மறுக்கிறார்கள். அவர்கள் மறுப்பதில் நியாயம் இருக்கிறது; அவமானத்தை மரபென்று சுமக்கச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. சபைக்கோ தப்பு சாமியாட்ட வாத்தியம். அமெரிக்கத் தேவாலயங்களும் ஒரு காலத்தில் புளூஸைப் பிசாசின் பாட்டு என்றே சொல்லின. அந்தச் சுவரைத் தாண்டிக் குதித்தவர்கள் உருவாக்கியதுதான் சோல் இசை.

சுவரைத் தாண்ட ஓர் இடம் வேண்டும். லண்டனில் 1991இல் கேரி குரோஸ்பியும் ஜெனின் ஐரன்ஸும் தொடங்கிய டுமோரோஸ் வொரியர்ஸ் இளைஞர்களுக்கு இலவசமாக ஜாஸ் கற்பிக்கிறது. கறுப்பினப் பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஜாஸுக்குள் வரப் பாதை போட்டவர்கள் அவர்கள். அந்தப் பயிற்சி அறையில் சந்தித்தவர்கள்தான் எஸ்ரா கலெக்டிவ் குழுவினர். 2023இல் பிரித்தானியாவின் மேர்க்குரி இசைப் பரிசை வென்ற முதல் ஜாஸ் குழு அது. 2024இல் வந்த அவர்களுடைய 'டான்ஸ், நோ வன்ஸ் வொச்சிங்' கேட்பவரை நாற்காலியில் இருக்க விடாது. பரிசு மேடையில் குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் ஃபெமி கொலியோசோ நன்றி சொன்னது இளைஞர்களுக்கு இசை கற்பிக்கும் அமைப்புகளுக்கு. நூபியா கார்சியாவும் அதே அறையிலிருந்து வந்தவர். 2024இல் வெளிவந்த 'ஒடிசி'யில் அவருடைய சாக்சபோன், ஒரு முழு கம்பி வாத்தியக் குழுவைப் பின்னால் நிறுத்திக்கொண்டு பேசுகிறது. இந்த அல்பங்களைத் திறமையின் விளைவு என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. வாரத்தில் ஒரு நாள் திறந்திருக்கும் ஓர் அறை, அதில் ஒரு ட்ரம்ஸ், கட்டணம் கேட்காத ஓர் ஆசிரியர். மீதிப் பாதி அது.

ஹட்டனில் அப்படி ஓர் அறையைத் தொடங்கப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு கீபோர்ட்டும் ஒரு பாஸ் கிட்டாரும் தருவதாக இரண்டு நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். இடத்துக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். சபையிலோ கோயிலிலோ வாசிக்கிற தம்பி தங்கைகள், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் இருந்தாலும், ஹோட்டலில் மேசை துடைத்துக்கொண்டே சாக்சபோன் கேட்கிறவர்களாக இருந்தாலும் எழுதுங்கள். வருவதற்கு முன் 'வூடூ'வை ஒரு தடவை, 'மதர்' ஒரு தடவை, 'நிலம்' ஒரு தடவை ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு வாருங்கள். பேச நிறைய இருக்கும். பெரியப்பா சம்மதித்துவிட்டார். சனிக்கிழமை பின்னேரம் என்றால் அவருக்கு வசதி. தப்பைக் காய்ச்ச வெளியில் கொஞ்சம் இடம் வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறார்.